தூங்காத கை

போன மாதம் எங்கள் பழைய கிளினிக்கிலிருந்து போன் வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்தில் இ.இ.ஜி. எடுக்கிற கனி பேசினாள். புது மெஷின் வந்திருக்கிறதாம். பழைய ரெக்கார்டுகளை அதற்கு மாற்றிக்கொண்டிருக்கிறாளாம்.

"அண்ணாச்சி, நீங்க எடுத்த ஒவ்வொரு ரெக்கார்டுலயும் பத்தி பத்தியா என்னத்தையோ எழுதி வச்சிருக்கீங்களே. 'ஊர் கேட்டேன், பதினாலு எண்ணியதும் சொன்னார்', 'கண்ணைத் திறக்கச் சொன்னேன், ஒன்பது எண்ணியதும் திறந்தார்'னு. இதெல்லாம் எதுக்கு? ஆளு முழிச்சிருக்காரா தூங்குதாரான்னு புது மெஷின் அதுவே எழுதிருது."

"எவ்வளவு நேரத்துல எழுதுது?"

"நாலே செகண்டு."

நானும் ஒரு தடவை அந்த வேகத்தில் எழுதியிருக்கிறேன் என்றேன். அது என்ன கதை என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற ஒரு மாதம் ஆகிவிட்டது.

நான் இலஞ்சிக்காரன். காலேஜ் முடித்ததும் மதுரையில் ஒரு வருடம் பயிற்சி. முதல் ஆறு மாதம் தலைகளை அளந்தேன், அடுத்த ஆறு மாதம் அளந்ததெல்லாம் தப்பு என்று திட்டு வாங்கினேன். அதற்குப் பிறகு தென்காசியில், குத்துக்கல்வலசைக்குப் போகிற ரோட்டில் இருந்த ஒரு நரம்பு டாக்டர் கிளினிக்கில் முப்பத்தோரு வருடம். காகிதத்தில் பேனா ஓடுகிற காலத்தில் சேர்ந்து, கம்ப்யூட்டர் காலத்தில் வெளியே வந்தேன்.

இ.இ.ஜி. என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக நாலு வரி. மூளைக்குள் ஓயாமல் சின்னச் சின்ன மின்துடிப்பு ஓடிக்கொண்டிருக்கிறது. மூக்கு மேட்டிலிருந்து பின்மண்டைக் குமிழ் வரை, ஒரு காதிலிருந்து மறு காது வரை டேப் வைத்து அளந்து, பென்சிலால் புள்ளி வைத்து, அந்தப் புள்ளிகளில் பசை தடவிக் கம்பிகளை ஒட்டினால், அந்தத் துடிப்பு திரையில் கோடு கோடாக ஓடும். ஆள் விழித்திருந்து கண்ணை மட்டும் மூடியிருந்தால் பின்மண்டையில் ஒரு சீரான அலை தெரியும். நொடிக்கு ஒன்பது, பத்து. வயதானவர்களுக்குக் கொஞ்சம் குறையலாம், ஆனால் எட்டுக்குக் கீழே போனால் ஏன் என்று கேட்க வேண்டும். தூக்கம் கவ்வும்போது அந்த அலை கலைந்து மெதுவான அலைகள் வந்துவிடும். இவ்வளவு தெரிந்தால் போதும்.

இந்த வேலைக்கு எங்கள் ஊரைப்போலப் பொருந்தாத ஊர் வேறு கிடையாது. கம்பி ஒட்ட வேண்டுமானால் தலையில் எண்ணெய் இருக்கக் கூடாது. இங்கேயோ சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் சனங்களுக்குக் கை நிற்காது. உச்சந்தலையில் அரைக்கால் படி எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போய் நின்றுவிட்டு, "அதான் தண்ணில எல்லாம் போயிட்டே" என்று நேராக என்னிடம் வருவார்கள். தலையைத் தொட்டால் விரல் வழுக்கும். சீசன் மூன்று மாதமும் கிளினிக் பின்கட்டில் சீயக்காய்த்தூளும் ஒரு வாளி வெந்நீரும் தலை உலர்த்தும் மெஷினும் வைத்திருப்பேன். டெக்னீஷியன் பாதி, நாவிதர் பாதி என்று என் மனைவி கேலி செய்வாள்.

இப்படிப்பட்ட தலைகளில் எடுத்தாலும் என் ரெக்கார்டு சுத்தமாக இருக்கும். கோட்டில் ஒரு அழுக்கு இருக்காது. வெளியூர் டாக்டர்கள்கூட "தென்காசியில எடுத்ததா, சரியா இருக்கும்" என்று சொன்னதாகக் காதில் விழுந்திருக்கிறது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பின்னால் நடந்ததற்கு அதுதான் காரணம்.

பழைய டாக்டர் ஓய்வெடுத்துக்கொண்டு கிளினிக்கை ஒப்படைத்தது டாக்டர் கோமதியிடம். என்னைவிடப் பத்து வயது இளையவர். வந்த முதல் நாளே என்னை அண்ணாச்சி என்று கூப்பிட்டார். இனிமேல் கொஞ்சம் ஓய்வாக இருக்கலாம் என்று நினைத்தேன். ஒரு வாரத்தில் என் நினைப்பில் மண் விழுந்தது.

அந்த அம்மா ஒரு நோயாளியைப் பார்க்கிற விதம் தனி. பார்க்கின்சன் நோயாளி உள்ளே வந்தால் எழுந்து போய், அவர் கழுத்தைத் திருப்பாமலே பார்க்கிற இடத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காருவார். கூட வந்தவர்களிடம் முதலில் பேசமாட்டார். "என்ன வேலை பாத்தீங்க?" என்று அவரிடமே கேட்பார். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார். நோயாளியின் மகனோ மகளோ பதில் சொல்ல வாயெடுத்தால், முகத்தைத் திருப்பாமலே இடது கையை மட்டும் லேசாக உயர்த்துவார். டிராபிக் போலீஸ்கூட அவ்வளவு சுத்தமாக நிறுத்தியதை நான் பார்த்ததில்லை. அறையில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும். எனக்கே வியர்க்கும். அப்புறம், எங்கிருந்தோ கிளம்பி வந்ததுபோல அவர் பதில் வரும், சரியான பதிலாகவும் இருக்கும்.

"கை நடுங்குறத ஊரே பாத்துரும், அண்ணாச்சி," என்றார் ஒருமுறை. "உள்ள யோசனை மெதுவாகுறத வீட்ல உள்ளவங்ககூடப் பாக்கமாட்டாங்க. வீம்பு, மறதி, திமிருன்னு ஏதாவது பேர் வச்சிருவாங்க. எல்லாருக்கும் அப்படி ஆகாது. ஆகுறவங்கள நாம தவறவிடக் கூடாது."

அதற்காக என் அறைக்கு இரண்டு சட்டம் போட்டார். ஒன்று, நடுக்கம் உள்ளவர் வந்தால் தலையில் மட்டுமல்ல, நடுங்குகிற கையிலும் ஒரு கம்பி ஒட்ட வேண்டும். கையாட்டத்தின் அலையும் மூளையின் அலையும் திரையில் கலந்து தெரியும், எது எதுவென்று பிரித்துப் பார்க்க வேண்டுமே. இரண்டு, ஒரு கேள்வி கேட்டால் மனதுக்குள் நிதானமாக இருபது எண்ண வேண்டும். இருபது முடிகிறவரை அவர் தூங்குகிறார் என்று எழுதக் கூடாது.

முதல் சட்டம் எனக்குப் பிடிக்கவில்லை, ஏனென்றால் கைக்கோடு திரையின் அடியில் மேலும் கீழுமாக ஆடி என் சுத்தமான பக்கத்தைக் கெடுத்தது. இரண்டாவதும் பிடிக்கவில்லை. வெளியே பத்துப் பேர் ஈரத்தலையோடு உட்கார்ந்திருக்கும்போது இருபது எண்ணிப் பாருங்கள், எவ்வளவு நீளம் என்று தெரியும். கோமதி மேடம் இருந்தால் இருபது எண்ணுவேன், இல்லாவிட்டால் ஐந்து.

அப்படி ஒரு சீசன் நாளில்தான் பேச்சிமுத்து ஏட்டையா வந்தார். கடையத்துக்காரர். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஐந்தாறு வருடமாகப் பார்க்கின்சன், வலது கை நடுக்கம். கடையத்தில் ஒரு டாக்டர் இ.இ.ஜி. மட்டும் எடுத்துவரச் சொல்லிச் சீட்டு கொடுத்திருந்தார். கூட வந்தது மகன் முத்துராஜ், ராணுவத்தில் இருப்பவன், லீவில் வந்திருந்தான். மேடம் அன்றைக்கு வெளியூரில்.

ஏட்டையா தலையில் போலீஸ் கிராப்பு, எண்ணெய் இல்லை. எனக்குப் பெரிய சந்தோஷம். விறுவிறுவென்று ஒட்டினேன், கையிலும் ஒட்டினேன். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, "ஏட்டையா, உங்களுக்கு எந்த ஊரு?" என்றேன். பதில் இல்லை. ஐந்து எண்ணினேன். திரையில் மெதுவான அலைகள். 'நோயாளி தூங்குகிறார்' என்று தட்டினேன். இன்னொரு கேள்வி, இன்னொரு ஐந்து, அதே குறிப்பு. முடிந்ததும் கைக்கோட்டை மறைத்துவிட்டுப் பக்கத்தைச் சேமித்தேன். பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது.

மறுநாள் மேடம் ஒரு கட்டு ரெக்கார்டுகளை உட்கார்ந்து படித்தார். தூங்குகிறவருக்கு மெதுவான அலை வருவது இயல்புதானே. என் குறிப்பை நம்பி, 'தூக்கத்தில் எடுத்த பதிவு, குறை எதுவும் தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ரிப்போர்ட்டை முத்துராஜ் வாங்கிப் போனான்.

பத்து நாள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கப் போகிறேன், கதவருகே ஓர் அம்மா. கடையத்திலிருந்து பஸ்ஸில் தனியாக வந்திருக்கிறார். ஏட்டையா மனைவி என்றார். பெயர் செண்பகம்.

"எங்க வீட்டுக்காரவுக தலையில கம்பி வச்சது நீங்கதான, அண்ணாச்சி?"

"ஆமாம்மா."

"அந்த மெஷின் பொய் சொல்லுமா?"

என் மெஷினைப் பற்றிக் கேட்டால் எனக்கு யோசனை ஏது. "சொல்லவே சொல்லாது," என்றேன்.

அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். "அப்ப நான்தான் பொய்யா?" என்றார்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். மூன்று மாதமாக ஏட்டையா, வீட்டுக்குள் ஓர் ஆள் வருகிறான் என்கிறார். மஞ்சள் சட்டைக்காரன். அவன் செண்பகத்தைப் பார்க்கத்தான் வருகிறான் என்கிறார். சும்மா சொல்லவில்லை, வெள்ளைத்தாளில் புகார் எழுதி ஸ்டேஷனுக்கே கொடுத்து அனுப்பிவிட்டார். அங்கே இருந்தவர்கள் பழைய ஏட்டு என்கிற மரியாதையில் அதை மகனிடம் கொடுத்து, வீட்டிலேயே பேசிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். மகனுக்கு அப்பா மேல் சாமி மாதிரி நம்பிக்கை. முப்பது வருடத்தில் ஒரு பொய்க் கேஸ் போடாத மனுஷன். ஒருவேளை மூளையில் கோளாறோ என்று சந்தேகப்பட்டுத்தான் டெஸ்டுக்குக் கூட்டி வந்திருக்கிறான். நான் எடுத்த ரெக்கார்டு, குறை இல்லை என்று சொல்லிவிட்டது.

"மூளை நல்லா இருக்குன்னு எழுதிட்டாங்களாம். அப்ப அவுக சொல்லுதது நெசம்னு ஆயிட்டுல்லா. நாளான்னைக்கு ஞாயித்துக்கெழம என் மவன் என்னைய செங்கோட்டைல என் தம்பி வீட்ல கொண்டு விடப்போறான். திங்கக்கெழம ரயிலேறுதான். நாப்பத்தோரு வருசம் அண்ணாச்சி. ஒத்தப் பையோட போவச் சொல்லுதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவுகளுக்கு மாத்திர நேரத்துக்குக் கொடுக்கணும். காலைல மூணு, மத்தியானம் ரெண்டு. கை ஆட்டத்துக்கு ஒரு பழைய மாத்திர, அது தனி. ராத்திரி தூங்குனா ஒழிய அந்தக் கை நிக்காது. யாரு இருந்து பாப்பா?"

நான் தூக்கை மூடினேன். ராத்திரி தூங்கினால் ஒழிய அந்தக் கை நிற்காது. இந்த நோயில் நடுக்கம் தூக்கத்தில் நின்றுவிடும் என்பது எனக்குத் தெரியாததா? நூறு பேரிடம் பார்த்திருக்கிறேன்.

அந்த அம்மாவை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு ஏட்டையாவின் ரெக்கார்டைத் திறந்தேன். மறைத்து வைத்த கைக்கோட்டைத் திரைக்குக் கொண்டுவந்தேன். 'நோயாளி தூங்குகிறார்' என்று நான் தட்டிய இடத்துக்கு நேர் கீழே கை ஆடிக்கொண்டிருந்தது. நொடிக்கு ஐந்து. அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம், கடைசி வரைக்கும் அந்தக் கை ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அவர் தூங்கவே இல்லை. முழு விழிப்போடு என் கேள்விக்குப் பதிலைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். நான்தான் நிற்காமல் போய்விட்டேன். அவர் விழித்திருந்தார் என்றால் அந்த மெதுவான அலைக்கு அர்த்தமே வேறு.

வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. மேடம் அறைக்குப் போய், ஐந்து எண்ணியது, மறைத்தது, வெளியே உட்கார்ந்திருக்கிற அந்த அம்மா, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். வேலை போகும் என்றே நினைத்தேன்.

மேடம் என்னோடு வந்து திரையைப் பார்த்தார். கைக்கோட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் தள்ளிப் பார்த்தார். அதற்குப் பல நிமிடம் ஆனது. என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

"கைக்கோடு எங்கன்னு நான் கேட்டிருக்கணும், அண்ணாச்சி," என்றார். "இருக்கவேண்டிய கோடு இல்ல, கேக்காம கையெழுத்துப் போட்டது நான்." அப்புறம் வெளியே போய் செண்பகத்தின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, "உங்க மேல தப்பு இல்லம்மா. தப்பு இங்கன நடந்திருக்கு. ஞாயித்துக்கிழமை காலைல நாங்களே வாரோம்," என்றார்.

முத்துராஜுக்குப் போன் செய்தோம். அதான் ரிப்போர்ட் வந்துவிட்டதே, இனி என்ன டெஸ்ட் என்று வைத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மேடம் தானே காரை ஓட்டிக்கொண்டு என்னையும் ஏற்றிக்கொண்டு கடையத்துக்குப் போனார். 

வீட்டு வாசல்நடையை ஒட்டி ஒரு ரெக்சின் பை தயாராக இருந்தது. உள்ளே சொந்தக்காரர்கள் நாலைந்து பேர். ஏட்டையா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், முகத்தில் ஒரு அசைவில்லை, வலது கை மட்டும் தொடையில் ஆடிக்கொண்டிருந்தது. செண்பகம் அடுக்களை வாசலில் நின்றார். முத்துராஜ் எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"எங்கப்பாவப் பைத்தியம்னு சொல்ல வந்திருக்கீங்களா?"

"இல்ல தம்பி. உங்கப்பா பொய் சொல்லமாட்டாருன்னு சொல்ல வந்திருக்கேன்," என்றார் மேடம். "எங்க ரிப்போர்ட்தான் தப்பு. எழுதினது நான். அத உங்க எல்லார் முன்னாலயும் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

ஒரு டாக்டர் வீடு தேடி வந்து இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அங்கே இருந்தவர்களும் கேட்டிருக்கமாட்டார்கள். என் பெயரை அவர் எடுக்கவே இல்லை. நான் செய்த தப்பை அவர் தன் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். என்னால் நிமிர முடியவில்லை.

மேடம் ஏட்டையாவின் முன்னால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். புகாரைக் கேட்டார். முத்துராஜ் அரைமனதோடு எடுத்துக் கொடுத்தான். 'மேற்படி நபர் சுமார் ஐந்தரை அடி உயரம், மாநிறம், மஞ்சள் நிறச் சட்டை' என்று போலீஸ் நடையில் ஒழுங்காக எழுதியிருந்தது. ஆனால் முதல் வரி பெரிய எழுத்தாகத் தொடங்கி, வரிக்கு வரி சிறுத்து, கடைசி வரி எறும்பு ஊர்ந்ததுபோல் ஆகியிருந்தது. அதுவும் இந்த நோயின் வேலைதான். மேடம் கடைசி எழுத்து வரைக்கும் படித்தார்.

"ஏட்டையா, இந்த ஆளு வழக்கமா எங்கன நிப்பான்?"

நான் எண்ண ஆரம்பித்தேன். ஏழில் முத்துராஜ் வாயெடுத்தான், மேடத்தின் இடது கை உயர்ந்தது. பதினாறில் ஏட்டையாவின் விரல் பீரோவுக்குப் பக்கத்துச் சுவரைக் காட்டியது.

"இப்ப நிக்கானா?"

வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது, அறையில் நல்ல வெளிச்சம். பதினெட்டு எண்ணியிருப்பேன்.

"நிக்கான்," என்றார் ஏட்டையா. "கூட ஒரு சின்னப்பிள்ளையும் நிக்கி."

எல்லோரும் அந்தச் சுவரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு காலண்டர் தொங்கியது, வேறொன்றும் இல்லை. முத்துராஜ் மட்டும் சுவரைப் பார்க்கவில்லை, அப்பாவின் கண்ணைப் பார்த்தான். அந்தக் கண் சுவரில் யாரையோ கீழிருந்து மேலாக அளந்துகொண்டிருந்தது. மூன்று மாதமாக ஊரெல்லாம் செண்பகத்திடம் கேள்வி கேட்டிருக்கிறது. ஏட்டையாவிடம் 'இப்போது நிற்கிறானா' என்று கேட்டு, பதில் வருகிறவரை யாரும் காத்திருக்கவில்லை.

"அவருக்குத் தெரியுது தம்பி. அவருக்கு அது பொய் இல்ல," என்றார் மேடம். "ஆனா அங்க யாரும் இல்ல."

முத்துராஜ் எழுந்து போய் வாசல்நடையில் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போனான். அம்மாவைக் கடந்து போகும்போது அவனால் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உள்ளே அவன் அழுத சத்தம் எங்களுக்குக் கேட்டது.

மேடம் மாத்திரைப் பெட்டியைக் கேட்டு வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். செண்பகம் சொன்ன அந்தப் பழைய நடுக்க மாத்திரையைத் தனியே எடுத்து வைத்தார். எப்போதோ எழுதிக் கொடுத்தது, நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் கடையில் வாங்கி வாங்கிப் போட்டிருக்கிறார்கள். வயதானவர்களுக்கு அது புத்தியைக் குழப்பும் என்றார். சட்டென்று நிறுத்திவிடாமல் எப்படிக் குறைப்பது என்று செண்பகத்திடம் சொல்லி, அவர் வாயாலேயே திரும்பச் சொல்ல வைத்தார்.

முத்துராஜ் லீவை நீட்டிக்கொண்டான். திங்கட்கிழமை மூவரும் வந்தார்கள். மறுபடியும் கம்பிகளை ஒட்டினேன், கைக்கோட்டைத் திரையின் நடுவிலேயே வைத்தேன். "ஏட்டையா, உங்களுக்கு எந்த ஊரு?" பதினேழில் "கடையம்" என்றார். எழுதினேன். அலை நொடிக்கு ஆறு. பக்கம் அழுக்காகத்தான் இருந்தது, அதற்குமேல் சரியான ஒரு ரெக்கார்டை நான் எடுத்ததில்லை.

மேடம் அந்த ஒரு அலையை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதவில்லை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்ல வைத்தார், கடிகாரம் வரையச் சொன்னார், வீட்டு விஷயங்களை ஒரு மணி நேரம் கேட்டார். பார்க்கின்சன் யோசனையையும் தொட்டுவிட்டது என்று பிறகுதான் மகனிடம் சொன்னார். முதல் ரிப்போர்ட்டைச் சிவப்பு மையால் அடித்து, 'தவறு' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு ஃபைலில் வைத்தார். அது இன்னும் அங்கே இருக்கிறது. கனி, நீ தேடினால் கிடைக்கும்.

பழைய மாத்திரை நின்று, புதிதாக ஒன்று தொடங்கியபின் மஞ்சள் சட்டைக்காரன் வருவது குறைந்தது. முழுதாகப் போகவில்லை. ஏட்டையா ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருவார், செண்பகம் கையைப் பிடித்துக் கூட்டி வருவார். ஒவ்வொரு தடவையும் நான் எண்ணுகிற எண் கொஞ்சம் கூடும். இருபது தாண்டியது, இருபத்தைந்து தாண்டியது. இந்த நோய் அப்படித்தான், அதை நிறுத்த எங்களிடம் ஒன்றும் இல்லை.

ஒரு விஷயம் மட்டும் செண்பகத்துக்கு ஆறவில்லை. ஒருநாள் ஏட்டையாவின் தலையில் பசையைக் கழுவிக்கொண்டிருந்தபோது மெல்லச் சொன்னார். "ஊரு வாய மூடிட்டு, மவனும் மனசு மாறிட்டான். ஆனா அவுக எழுதுனது எழுதுனதுதான, அண்ணாச்சி? நோய்தான்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் அவுக வாயால இல்லன்னு ஒரு வார்த்த வரலியே." கேட்டுப் பார்க்கலாமே என்றேன். "நான் கேக்கமாட்டேன்," என்றார். அதிலும் ஒரு கௌரவம் இருந்தது.

இரண்டு வருடம் போயிருக்கும். என் ஓய்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது ஏட்டையா வந்தார். மிகவும் மெலிந்துபோயிருந்தார். ஊர் கேட்டேன், பதிலே வரவில்லை. நாற்பது வரைக்கும் எண்ணிவிட்டு அதை அப்படியே எழுதினேன். கை ஆடிக்கொண்டுதான் இருந்தது. அடுத்து, "உங்க கூட வந்திருக்கது யாரு, ஏட்டையா?" என்றேன். செண்பகம் காலடியில் ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முப்பத்தொன்றில், "செண்பகம்," என்றார்.

நான் தட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த கேள்வியை இன்னும் கேட்கவில்லை. கண்ணைத் திறக்காமலே ஏட்டையா மறுபடியும் பேசினார். குரல் காற்றாகத்தான் வந்தது, ஆனால் ஸ்டேஷன் குரல்.

"ரைட்டர்… அந்தப் புகாரு… வாபஸ். எழுதிக்கிடும்."

போலீஸ் ஸ்டேஷனில் எழுதுகிறவரை ரைட்டர் என்பார்கள். விசைகளைத் தட்டுகிற சத்தம் அவரை அங்கே கொண்டுபோயிருக்க வேண்டும். நான் செண்பகத்தைப் பார்த்தேன். அவர் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். எனக்கும் கண் மறைத்தது. தட்டுத் தடுமாறி எழுதினேன்: 'கேள்வி கேட்கவில்லை. தானாகச் சொன்னார். விழித்திருக்கிறார். புகாரை வாபஸ் பெறுகிறார்.'

மறுநாள் மேடம் படிப்பார், இதை எடுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். ரிப்போர்ட்டில் ஒரு வார்த்தை கூடவோ குறையவோ விடாதவர். மாலையில் ரிப்போர்ட் என் மேஜைக்கு வந்தது. அலை நொடிக்கு ஐந்து, முன்பைவிட மெதுவாகியிருக்கிறது என்று வழக்கம்போல எழுதியிருந்தது. கடைசி வரி மட்டும் தமிழில், அவர் கையெழுத்தில் இருந்தது: 'பதிவின்போது நோயாளி நல்ல விழிப்புடன் இருந்தார். மனைவி மீது கொடுத்த புகாரை வாபஸ் பெற்றார்.' அதன் கீழே கையெழுத்து, கிளினிக் முத்திரை.

ரிப்போர்ட் வாங்க செண்பகமே வந்தார். படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். எங்கன எழுதியிருக்கு என்று கேட்டார். விரல் வைத்துக் காட்டினேன். அந்த வரியை ஆள்காட்டி விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்தார். பிறகு தாளை நாலாக மடித்து மாத்திரைப் பைக்குள் வைத்தார்.

"உங்க மெஷின் பொய் சொல்லாதுன்னு அன்னைக்கே சொன்னியள்லா, அண்ணாச்சி," என்றார்.

நான் தலையாட்டினேன். அன்றைக்கு நான் பேசிய அவசரத்தை அவர் மறந்துவிட்டாரா, மன்னித்துவிட்டாரா என்று கேட்கவில்லை.